எஃப்ஆர்சி ரோபாட்டிக்ஸ் போட்டி வீடியோக்கள்: படம்பிடிப்பது, பகிர்வது, தொலையாமல் வைத்திருப்பது

ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பிடிஷன், சுருக்கமாக எஃப்ஆர்சி. உயர்நிலைப் பள்ளி மாணவர் அணிகள் தாங்கள் செய்த ரோபோக்களோடு, மூன்று மூன்று அணிகளாகக் கூட்டணி சேர்ந்து மோதும் போட்டி. இந்தப் போட்டிகளில் ஆட்டங்களைப் படம்பிடிக்கும் வேலை பெரும்பாலும் ஒரு பெற்றோர் தலையிலோ, அணிக்குப் புதிதாக வந்த ஒரு மாணவர் தலையிலோ வந்து விழும். ஆர்வமாகப் பிடிப்பார்கள், அன்றிரவே யூடியூபில் ஏற்றியும் விடுவார்கள். ஆனால் அடுத்த வாரப் போட்டிக்குத் தயாராகும் இன்னொரு அணி, எதிரணி ரோபோ எப்படி ஏறுகிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கத் தேடும்போது அந்த வீடியோ கிடைக்காது. தலைப்பில் ஆட்ட எண் இருக்காது, அல்லது தப்பான எண் இருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைக்குத்தான் முதலிடம். பெயரிடும் முறையைப் போட்டிக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். படம்பிடித்ததும் முதலில் பிரதி எடுக்க வேண்டும். வெட்டுவது அதற்குப் பிறகு, பகிர்வது அதற்கும் பிறகு. புதியவர்கள் சிக்கும் இடங்களில் பெரும்பாலானவை இந்த வரிசை மாறுவதால் வருபவைதான்.

முன்கூட்டியே தேவைப்படுபவை

ஒரு கேமரா அல்லது நல்ல செல்போன், சின்ன ஸ்டாண்ட், பவர் பேங்க், மெமரி கார்டு இரண்டு, வெளியிலிருந்து இணைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்று, மடிக்கணினி, ஒரு நோட்டு, பேனா. கூடவே ஒரு ஆள். படம்பிடிப்பவரே குறிப்பும் எழுதுவது நடக்காத காரியம். இரண்டில் ஒன்று கெடும்.

யூடியூப் கணக்கைச் செல்போன் எண் கொடுத்து உறுதிசெய்து வையுங்கள். உறுதிசெய்யாத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்ற முடியாது. நேரலை வசதியை முதன்முதலாக இயக்கினால் அது வேலை செய்யத் தொடங்க 24 மணி நேரம் வரை ஆகலாம். போட்டி நடக்கும் காலையில் இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

1. போட்டி நடத்துபவர்களிடம் முதலில் கேளுங்கள்

பார்வையாளர் பகுதியிலிருந்து படம்பிடிப்பது வழக்கமான விஷயம்தான். ஆனாலும் அந்தப் போட்டியில் அதிகாரப்பூர்வ நேரலை இருக்கிறதா, அதை யார் சேமிக்கிறார்கள், ஆட்டம் ஆட்டமாக வெட்டி வெளியிடப் போகிறார்களா என்று கேட்டு வையுங்கள். அவர்களே செய்கிறார்கள் என்றால் உங்கள் வேலை முழுக் களமும் தெரியும் இரண்டாவது கோணம். இல்லையென்றால் உங்களுடையது மட்டும்தான் பதிவு. எதை எவ்வளவு கவனமாகச் செய்வது என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது.

பங்கேற்கும் எல்லோரும் ஃபர்ஸ்ட் அமைப்பின் ஒப்புதல் படிவத்தை நிரப்பித்தான் வருகிறார்கள். அதற்காக பிட் பகுதியில், அதாவது அணிகள் ரோபோவைப் பழுதுபார்க்கும் இடத்தில், பிள்ளைகளின் முகத்தை நெருக்கமாகப் பிடித்துப் பெயரோடு போட அது அனுமதி ஆகாது. ஆட்ட வீடியோவுக்கு அணி எண் போதும். மாணவர் பெயர் தலைப்பிலும் வேண்டாம், விளக்கத்திலும் வேண்டாம்.

2. பெயரிடும் முறையை எழுதி வையுங்கள்

என்னைக் கேட்டால் இந்த முழு வேலையிலும் முக்கியமான படி இதுதான். ஆண்டு, போட்டியின் பெயர், பிரிவு இருந்தால் பிரிவு, சுற்று, ஆட்ட எண் என்று ஒரே வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். “2025 ஹூஸ்டன் கேலிலியோ குவாலிஃபிகேஷன் 045” என்பதுபோல. குவாலிஃபிகேஷன் என்பது தரவரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்று, சுருக்கமாக குவால்.

எண்ணை மூன்று இலக்கமாக எழுதக் காரணம் உண்டு. 1, 2, 10, 100 என்று எழுதினால் பல இடங்களில் 1, 10, 100, 2 என்று அடுக்கப்படும். 001 என்று தொடங்கினால் வரிசை எங்கேயும் குலையாது.

பிரிவின் பெயர் ஏன்? ஹூஸ்டனில் நடக்கும் உலக சாம்பியன்ஷிப்பில் ஆர்க்கிமிடிஸ், கியூரி, டேலி, கேலிலியோ, ஹாப்பர், ஜான்சன், மில்ஸ்டீன், நியூட்டன் என எட்டுப் பிரிவுகள் ஒரே நேரத்தில் ஆடுகின்றன. எட்டிலும் 45ஆம் தகுதி ஆட்டம் உண்டு. “சாம்பியன்ஷிப் குவால் 45” என்று மட்டும் தலைப்பு வைத்தால், அது எந்தக் களம் என்று தெரிய ரோபோவைச் சுற்றியுள்ள பம்பரில் இருக்கும் அணி எண்ணை உற்றுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிரிவுகளில் வென்றவர்கள் மோதும் ஐன்ஸ்டீன் களத்துக்கும் இதே கதைதான்.

தகுதிச் சுற்றுக்குப் பிறகு வரும் பிளேஆஃப் என்ற வெளியேற்றச் சுற்றில் குழப்பம் இன்னும் அதிகம். 2023 முதல் எட்டுக் கூட்டணிகள், இரண்டு முறை தோற்றால் வெளியே என்ற முறை. 1 முதல் 13 வரை ஆட்டங்கள், அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு வென்றால் கோப்பை என்ற இறுதிச்சுற்று. அறிவிப்பாளர் “மேட்ச் 7” என்று மட்டும் சொல்வார். நீங்களும் அப்படியே எழுதினால் அது தகுதிச் சுற்றின் 7ஆம் ஆட்டத்தோடு கலந்துவிடும். “பிளேஆஃப் 07” என்று முழுசாக எழுதுங்கள். ஆட்டங்களைத் தொகுத்து வைக்கும் தி ப்ளூ அலையன்ஸ் தளம் இந்த 13 ஆட்டங்களையும் தன் முகவரிகளில் அரையிறுதி வரிசையில் எண்ணிட்டு வைக்கிறது. அங்கே ‘எஸ்எஃப்7எம்1’ என்று பார்த்தால் அது பிளேஆஃப் 7ஆம் ஆட்டம். 2023க்கு முந்தைய வீடியோக்களைச் சேர்க்கும்போது மட்டும் பழைய காலிறுதி, அரையிறுதி, இறுதி முறை என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, மறுஆட்டம். களத்தில் ஏதோ கோளாறு என்று ஓர் ஆட்டத்தைத் திரும்ப ஆடவைத்தால் எண் மாறாது. மறுபடி ஆடியதன் முடிவுதான் செல்லும். முதலில் ஆடியதை அழிக்க வேண்டாம், பெயரின் கடைசியில் “செல்லாதது” என்று சேர்த்து விடுங்கள். இதைச் செய்யாவிட்டால் வீடியோவில் ஒரு ஸ்கோர், தளத்தில் இன்னொரு ஸ்கோர் இருக்கும். பார்ப்பவர் எது சரி என்று தெரியாமல் நிற்பார்.

3. இடத்தையும் கடிகாரத்தையும் சரிபாருங்கள்

40 அணிகள், ஆளுக்கு 12 தகுதி ஆட்டம், ஒரு ஆட்டத்துக்கு 6 அணிகள் என்றால் 80 ஆட்டங்கள். ஐபோனில் 1080பி, வினாடிக்கு 60 பிரேம் என்று வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 90 எம்பி ஆகும். ஆட்டத்துக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ 29 ஜிபி. அதையே 4கே தரத்தில் 60 பிரேமில் பிடித்தால் 128 ஜிபியைத் தொடும். 1080பி, 60 பிரேம் போதும் என்பது என் கருத்து. ரோபோ வேகமாகத் திரும்பும்போது என்ன நடந்தது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்க, கூர்மையைவிட பிரேம் எண்ணிக்கைதான் கைகொடுக்கும்.

கடிகாரம் சின்ன விஷயம் போலத் தெரியும். போட்டிக் காலம் மார்ச், ஏப்ரல். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகரும். செல்போன் தானாக மாறிவிடும், கேமரா பெரும்பாலும் மாறாது. பிறகு நோட்டில் எழுதிய நேரமும் கோப்பில் பதிந்த நேரமும் ஒரு மணி நேரம் விலகி நிற்கும். ஒவ்வொரு நாள் காலையும் கேமரா நேரத்தைச் செல்போனோடு ஒப்பிட்டு வையுங்கள்.

4. படம்பிடிக்கும்போது

முழுக் களமும் சட்டத்துக்குள் வரும்படி, பார்வையாளர் வரிசையில் நடு உயரத்தில், களத்தின் நீளப் பக்கத்துக்கு நேர் நடுவில் உட்காருங்கள். களம் 50 அடிக்கு மேல் நீளம், அகலம் அதில் பாதி; அகலத் திரைக்குச் சரியாகப் பொருந்தும். புதியவர்கள் தங்கள் பிள்ளையின் ரோபோவையே துரத்திக்கொண்டு போவார்கள். ஆசை புரிகிறது. ஆனால் அதிகாரப்பூர்வ ஒளிபரப்பிலும் நெருக்கக் காட்சிகள் நிறைய உண்டு; எங்கும் கிடைக்காதது ஆறு ரோபோவும் ஒரே நேரத்தில் தெரியும் அசையாத காட்சிதான். அதைத்தான் பிற அணிகள் தேடி வருகின்றன.

செல்போனில் பிடித்தால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம். இன்னொரு காரணமும் உண்டு: அரங்கில் அணிகள் சொந்தமாக வைஃபை அமைக்க விதி அனுமதிப்பதில்லை. ரோபோக்களே வைஃபையில்தான் ஓடுகின்றன, குறுக்கீடு வந்தால் ஓர் அணியின் ஆட்டமே கெடும். அதனால் அங்கேயே உட்கார்ந்து செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டு யூடியூபில் ஏற்றலாம் என்ற திட்டத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள்.

ஆட்டத்துக்கு ஒரு கோப்பு என்று பிடியுங்கள். 2025 சீசனில் ஒரு ஆட்டம் 2 நிமிடம் 30 வினாடி. அதில் முதல் 15 வினாடி ரோபோ தானாக இயங்கும் பகுதி. “த்ரீ, டூ, ஒன்” கேட்ட பிறகு பொத்தானைத் தேடினால் அந்த 15 வினாடியில் பாதி போய்விடும். அணிகள் மிகவும் விரும்பிப் பார்ப்பதே அந்தப் பகுதியைத்தான். அறிவிப்பாளர் அணிகளை அறிமுகம் செய்யும்போதே தொடங்குங்கள். முடிவுப் பலகை திரையில் வரும்வரை நிறுத்தாதீர்கள், ஏனென்றால் அபராதப் புள்ளிகளும் தரவரிசைப் புள்ளிகளும் அதில்தான் தெரியும். பலகை வரத் தாமதமானால் நிறுத்திவிட்டு, அது வந்ததும் ஒரு புகைப்படம் எடுத்து அந்த ஆட்டத்தின் கோப்போடு சேர்த்து வைக்கலாம்.

நோட்டில் மூன்றே நெடுவரிசை: ஆட்ட எண், தொடங்கிய நேரம், குறிப்பு. அட்டவணையில் அச்சிட்ட நேரத்தை எழுதாதீர்கள். ஆட்டங்கள் முன்னும் பின்னும் நகரும், மதியத்துக்குள் அட்டவணை எங்கோ இருக்கும். உண்மையில் தொடங்கிய நேரத்தையே எழுதுங்கள்.

ஒரு வார்த்தை, பெற்றோர்களுக்கு. நடுவர் முடிவு தப்பு என்று தோன்றினால் வீடியோவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். தலைமை நடுவர் எந்தப் பதிவையும் பார்த்து முடிவெடுக்க மாட்டார் என்பது எழுதப்பட்ட விதி. நீங்கள் பிடிப்பது அணி பிறகு பார்த்துக் கற்றுக்கொள்ள.

மடிக்கணினியில் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற பதிவுச் செயலி வைத்துப் பதிவு செய்பவர்கள் எம்கேவி வடிவத்தில் பதியுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது திறக்கும். சாதாரண எம்பி4 கோப்பு பாதியில் அறுந்தால் மொத்தமும் திறக்காமல் போகலாம். பிறகு ஓபிஎஸ் மெனுவிலேயே உள்ள ரீமக்ஸ் வசதியால் தரம் குறையாமல் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

5. அன்றிரவே இரண்டு பிரதி

அறைக்குத் திரும்பியதும் சாப்பாட்டுக்கு முன் கார்டிலிருந்து மடிக்கணினிக்கு, மடிக்கணினியிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்கு. இரண்டும் முடிந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து கடைசி வரை ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கார்டை அழிக்கலாம். இரண்டாவது கார்டு இருந்தால் அழிக்கவே வேண்டாம்.

டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் வடிவத்தில் ஃபார்மட் செய்து எடுத்துப் போங்கள். பழைய ஃபேட்32 வடிவத்தில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு நிற்காது. எக்ஸ்ஃபேட் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும் என்பதால் அணியில் யாரும் வாங்கிப் பயன்படுத்தலாம்.

பெயரையும் அன்றிரவே மாற்றி முடியுங்கள். நோட்டும் நினைவும் பக்கத்தில் இருக்கும்போது அரை மணி நேர வேலை. ஒரு மாதம் கழித்து உட்கார்ந்தால் ஒவ்வொரு வீடியோவையும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

6. நேரலைப் பதிவைக் காப்பாற்றுவது

உங்கள் அணியோ போட்டி நடத்துபவர்களோ ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் ஒளிபரப்பினால் இந்தப் படி அவசரமானது. ட்விட்சில் பழைய ஒளிபரப்புகள் நிரந்தரமாக இருப்பதில்லை. சாதாரணக் கணக்கில் 7 நாள், அஃபிலியேட் கணக்கில் 14 நாள், பார்ட்னர் கணக்கில் 60 நாள். ஒளிபரப்பிலிருந்து தேவையான பகுதியை ‘ஹைலைட்’ ஆக்கி வைத்தால் நிற்கும் என்று பலர் நம்பியிருந்தார்கள். 2025 ஏப்ரலில் அதற்கும் சேர்த்து ஒரு கணக்குக்கு 100 மணி நேரம் என்று வரம்பு வந்துவிட்டது. பழைய ஒளிபரப்பைச் சேமிக்கும் அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று ஒளிபரப்புக்கு முன்பே பாருங்கள். முடிந்த அன்றே தரவிறக்குங்கள், அல்லது கணக்கை யூடியூபோடு இணைத்து அங்கே ஏற்றுமதி செய்யுங்கள்.

யூடியூப் நேரலையில் வேறொரு பொறி. 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலைகளைத்தான் அது தானாகச் சேமிக்கும். காலையில் தொடங்கி மறுநாள் வரை ஓடவிட்டால் பதிவு கிடைக்காமல் போகலாம். மதிய இடைவேளையில் நிறுத்திப் புதிதாகத் தொடங்குவது நல்லது. காலை, மாலை என்று பிரிந்து கிடைப்பதால் பிறகு தேடுவதும் சுலபம்.

பிறர் வெளியிட்டதை எடுத்து வைக்க வேண்டுமென்றால் அவர்களிடம் கேளுங்கள். அனுமதியில்லாமல் தரவிறக்குவதை யூடியூபின் விதிமுறை ஏற்பதில்லை. கேட்டால் பெரும்பாலான அணிகள் மூலக் கோப்பையே தந்துவிடுவார்கள், தரமும் நன்றாக இருக்கும். அவர்களே தரவிறக்கிக்கொள்ளச் சொன்னால் ஒய்டி-டிஎல்பி என்ற இலவசக் கருவி போதும். அதோடு எஃப்எஃப்எம்பெக் கருவியையும் நிறுவுங்கள். உயர்தரத்தில் யூடியூப் படத்தையும் ஒலியையும் தனித்தனியாகத் தருகிறது, இரண்டையும் ஒட்ட அது தேவை. நிறுவாமல் விட்டவர்கள்தான் “சத்தமே வரவில்லை” என்று வந்து நிற்பார்கள்.

7. வெட்டுவது

நாள் முழுக்க ஓடிய ஒரே பதிவை ஆட்டம் ஆட்டமாகப் பிரிக்க லாஸ்லெஸ்கட் போன்ற செயலி நல்லது. இது படத்தைத் திரும்பச் சுருக்காமல் அப்படியே நறுக்கும். தரம் குறையாது, ஒரு வெட்டு சில வினாடியில் முடியும். வழக்கமான எடிட்டிங் செயலியில் 80 ஆட்டத்தையும் ஏற்றுமதி செய்தால் மடிக்கணினி இரவெல்லாம் ஓடும்.

ஒரே நிபந்தனை: இப்படி நறுக்கும்போது வெட்டு கீஃப்ரேம் என்ற முழுப் படம் இருக்கும் இடத்தில்தான் விழும். நேரலைகளில் அது பெரும்பாலும் இரண்டு வினாடிக்கு ஒன்று. நீங்கள் குறித்த இடத்துக்குச் சற்று முன்பே வீடியோ தொடங்கினால் பதற வேண்டாம். ஐந்து வினாடி தாராளமாக விட்டு வெட்டுங்கள்.

பொறுமை இல்லையென்றால் வெட்டாமலே ஒரு வழி உண்டு. முழு வீடியோவின் விளக்கத்தில் ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கும் நேரத்தை வரிவரியாக எழுதினால் யூடியூப் அதை அத்தியாயங்களாகக் காட்டும். முதல் வரி 0:00 என்று இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வரி வேண்டும். ஆனால் தனித்தனி வீடியோவே எனக்குப் பிடித்தது. ஓர் ஆட்டத்தின் பக்கத்தில் அந்த ஆட்டம் மட்டும் நிற்கும்.

8. யூடியூபில் ஏற்றுவது

எல்லாவற்றையும் முதலில் ‘அன்லிஸ்டட்’ ஆக, அதாவது இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி ஏற்றுங்கள். அரங்கில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அது உங்கள் வீடியோவிலும் பதிந்திருக்கும். யூடியூபின் தானியங்கி அமைப்பு அதைக் கண்டுபிடித்து உரிமைக் கோரிக்கை போடும். இதைப் பார்த்ததும் சிலர் பயந்து வீடியோவை அழித்துவிடுகிறார்கள். தேவையில்லை. கோரிக்கை வேறு, விதிமீறலுக்காகக் கணக்குக்கு வரும் ‘ஸ்ட்ரைக்’ என்ற எச்சரிக்கை வேறு. பெரும்பாலும் விளம்பரம் வரும், அவ்வளவுதான். ஏதாவது நாட்டில் தடுக்கப்பட்டிருந்தால் மட்டும் யூடியூப் ஸ்டுடியோவிலேயே அந்தப் பாட்டை ஒலியிழக்கச் செய்யுங்கள். எல்லாம் சரியென்று பார்த்த பிறகு பொதுவாக்குங்கள்.

‘குழந்தைகளுக்கானது’ என்ற கேள்வியில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். வீடியோவில் மாணவர்கள் இருப்பதால் ஆம் என்று குறித்துவிடுகிறார்கள். கேள்வி வீடியோவில் யார் இருக்கிறார்கள் என்பதல்ல, யாருக்காக எடுத்தது என்பதுதான். ஆம் என்று குறித்தால் கருத்துகள் மூடப்படும், பார்ப்பவர் தன் பிளேலிஸ்ட்டில் சேமிக்கவும் முடியாது. எதிரணிகளை ஆராயும் மாணவர்கள் பிளேலிஸ்ட் போட்டுத்தான் வேலை செய்கிறார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பார்த்து ஆராயும் ஆட்டப் பதிவு சிறுவர்களுக்கான நிகழ்ச்சி அல்ல.

பிற தளங்களில் பதிக்க அனுமதிக்கும் பெட்டியில் டிக் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் அடுத்த படியில் வீடியோ அங்கே ஓடாது.

ஒரு நாளில் ஏற்றக்கூடிய வீடியோ எண்ணிக்கைக்கு யூடியூப் வரம்பு வைத்திருக்கிறது. 80ஐயும் ஒரே மூச்சில் ஏற்றினால் நடுவில் நிற்கலாம். அப்படியானால் எதை முதலில்? கடைசி நாள் ஆட்டங்களை. போட்டி நடக்க நடக்க அணிகள் ரோபோவைத் திருத்திக்கொண்டே இருக்கும். அடுத்த வாரம் அவர்களை எதிர்கொள்பவர்களுக்குக் கடைசி நிலைதான் தேவை.

தலைப்புக்கு 100 எழுத்து எல்லை. இரண்டாம் படியில் எழுதிய பெயர் அப்படியே தலைப்பு. ஆறு அணி எண்களும் விளக்கத்தின் முதல் வரியில், சிவப்புக் கூட்டணி முதலில், நீலம் பிறகு. அணி எண்ணைத் தேடுபவருக்கு இதனால்தான் வீடியோ அகப்படும். தலைப்பை ஆங்கிலத்தில் வைக்கச் சொல்வேன். தேடுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

9. ப்ளூ அலையன்ஸில் சேர்ப்பது

இந்தப் படி இல்லாமல் மேலே செய்தது பாதி வேலைதான். அணிகள் ஆட்டங்களைத் தேடிப் போகும் முதல் இடம் இந்தத் தளம். தன்னார்வலர்கள் நடத்துவது. கூகுள் கணக்கில் உள்ளே போய், ஆட்டத்தின் பக்கத்தைத் திறந்து, வீடியோ சேர்க்கும் இடத்தில் யூடியூப் இணைப்பை ஒட்டி அனுப்ப வேண்டும். உடனே தெரியாது. ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வரும். அதற்குள் வரவில்லையே என்று இரண்டு மூன்று முறை அனுப்பாதீர்கள், சரிபார்ப்பவர்களின் வேலைதான் கூடும்.

நிறைய வீடியோ இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பிளேலிஸ்ட்டில் போட்டு அதன் இணைப்பைக் கொடுக்கும் வழியும் உண்டு. தலைப்பைப் படித்து எந்த ஆட்டம் என்று தளமே ஊகிக்கும். தலைப்பு ஒரே சீராக இருந்தால் இந்த வேலை நிமிடங்களில் முடியும். ஆனாலும் ஊகித்ததை வரிவரியாகப் பாருங்கள், குறிப்பாக பிளேஆஃப் ஆட்டங்களை. அனுப்பும் முன் வீடியோவில் தெரியும் ஆறு அணி எண்களும் ஆட்டப் பக்கத்தில் உள்ள ஆறு எண்களும் பொருந்துகின்றனவா என்று ஒரு பார்வை. தகுதிச் சுற்றில் இது பொருந்தினால் போதும், ஏனென்றால் அதே ஆறு அணிகள் அதே கூட்டணிகளில் அங்கே இன்னொரு முறை சந்திப்பது மிக அரிது. பிளேஆஃபில் அதே கூட்டணிகள் திரும்பவும் மோதலாம், அதனால் அங்கே ஆட்ட எண்ணையும் பாருங்கள்.

10. நீண்ட காலத்துக்கு வைப்பது

யூடியூபைக் காப்பகமாக நம்ப வேண்டாம். அது வீடியோவைத் திரும்பச் சுருக்குகிறது. ஸ்டுடியோவிலிருந்து தரவிறக்கினால் 720பி வரைதான் கிடைக்கும். ஏற்றிய கணக்கு பட்டம் பெற்றுப் போன ஒரு மாணவருடையதாக இருந்தால் இன்னும் சிக்கல், கடவுச்சொல் யாரிடமும் இருக்காது. கணக்கு அணியின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், உள்ளே நுழையும் வழி அணியை வழிநடத்தும் பெரியவர்களில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூலக் கோப்புகள் இரண்டு டிஸ்க்கில், இரண்டு வீட்டில். அதற்கு மேல் ஒரு பிரதியை இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் போடலாம், இலவசம். ஒரு போட்டிக்கு ஒரு தொகுப்பு போதும். தொகுப்பின் அடையாளப் பெயரைப் பிறகு மாற்றுவது கடினம் என்பதால், ஏற்றும் முன் அதில் ஆண்டும் போட்டியின் பெயரும் சரியா என்று பாருங்கள். நோட்டுப் பக்கங்களையும் படமெடுத்து அதே தொகுப்பில் சேர்த்துவிடுங்கள். எந்த ஆட்டத்தில் எந்த ரோபோ நகராமல் நின்றது, எது மறுஆட்டம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

ஒரு வாரம் கழித்து ப்ளூ அலையன்ஸில் அந்தப் போட்டியின் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே பாருங்கள். வீடியோ இல்லாத ஆட்டங்கள் எவை என்று பார்த்ததும் தெரியும். சிலவற்றை அனுப்ப மறந்திருப்பீர்கள், சிலவற்றை நீங்கள் பிடிக்கவே இல்லை. பிடிக்காதவற்றின் எண்களைப் பட்டியலிட்டு அந்த ஆட்டத்தில் ஆடிய அணிகளுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஆறு அணிகளில் ஒருவர் வீட்டிலாவது அந்த இரண்டரை நிமிடம் இருக்க வாய்ப்பு அதிகம்.